வல்லாரைப் பொடி வாங்கும் முன் பி12 பாருங்கள்: கேள்வி-பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஞாபகமறதி பற்றித்தான். வழக்கம்போலப் பலர் வயதையும் எழுதவில்லை, சாப்பிடும் மாத்திரைகளையும் எழுதவில்லை.

தினமும் கீரை சாப்பிட்டால் மூளைக்கு 11 வயது குறையும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. நம்பலாமா?

பாதி நம்பலாம். சிகாகோ ரஷ் பல்கலைக்கழகத்தில் மார்த்தா கிளேர் மாரிஸ் குழுவினர் 2018-இல் வெளியிட்ட ஆய்வு அது. கிட்டத்தட்ட ஆயிரம் முதியவர்களை ஐந்து ஆண்டுகள் போலக் கவனித்தார்கள். தினம் அரைக் கப்புக்குச் சற்று மேல் வெந்த கீரை சாப்பிட்டவர்களுக்கு, கீரைப் பக்கமே போகாதவர்களைவிட நினைவாற்றல் மெதுவாகத் தேய்ந்தது. அந்த வித்தியாசம் 11 வயது இளையவராக இருப்பதற்குச் சமம் என்று கணக்குச் சொன்னது. கீரையிலுள்ள லூட்டின் என்ற நிறமி, ஃபோலேட் என்ற பி வைட்டமின், வைட்டமின் கே, கேம்ஃபெரால், நைட்ரேட் எல்லாவற்றுக்கும் இதில் பங்கிருக்கலாம் என்றார்கள். ஆனால் கீரை சாப்பிடுகிறவர்கள் பொதுவாக உடம்பைப் பேணுகிறவர்களாகவும் இருப்பார்கள். எது எதனால் என்று பிரிப்பது கஷ்டம். கீரைக்கு முதலிடம் தரும் 'மைண்ட்' உணவுமுறையை 600 பேரிடம் மூன்று ஆண்டுகள் முறையாகச் சோதித்து 2023-இல் முடிவு வெளியிட்டார்கள். வழக்கமான உணவையே கொஞ்சம் குறைத்துச் சாப்பிட்ட குழுவுக்கும் இவர்களுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. கீரை நல்லது. இளமை திரும்பும் என்பது கதை.

அப்படியானால் லூட்டின் மாத்திரை?

வேண்டாம். அமெரிக்காவில் கண் நோய்க்காக நடந்த பெரிய சோதனையில் 3,500 முதியவர்களின் நினைவாற்றலையும் ஐந்து ஆண்டுகள் அளந்தார்கள். மாத்திரையால் பலன் இல்லை.

கீரையை எப்படிச் சமைத்தால் சத்து வீணாகாது?

லூட்டின் கொழுப்பில்தான் கரையும். எண்ணெயே படாத 'டயட்' கீரை என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். அதிலுள்ள லூட்டின் உடம்பில் சரியாகச் சேராது. நன்றாக மசித்து, ஒரு ஸ்பூன் நல்லெண்ணெயில் கடுகு தாளித்துக் கொட்டுங்கள். ஃபோலேட் தண்ணீரில் இறங்கிவிடும். அதனால் தண்ணீரைக் குறைவாக வைத்து, மிஞ்சியதை ரசத்தில் சேருங்கள். முருங்கை, அரைக்கீரை, சிறுகீரை, பொன்னாங்கண்ணி என்று மாற்றி மாற்றிச் சாப்பிட்டால் போதும். எது உசத்தி என்று என்னைக் கேட்காதீர்கள்.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறேன். கீரை கூடாதாமே?

எந்த மாத்திரை? அதை எழுதாமல் கேட்டால் எப்படிப் பதில் சொல்வது? வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் என்றால், கீரையிலுள்ள வைட்டமின் கே அதன் வேலையைக் குறைக்கும். அதற்காகக் கீரையை அடியோடு நிறுத்தவும் வேண்டாம், திடீரென்று கூட்டவும் வேண்டாம். வாரா வாரம் ஒரே அளவு சாப்பிடுங்கள், ரத்தம் எவ்வளவு வேகமாக உறைகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையைப் பார்த்துக்கொள்ளுங்கள். அபிக்சபான், ரிவராக்சபான் போன்றவை என்றால் இந்தக் கவலையே இல்லை.

அப்பாவுக்கு 72 வயது, சைவம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். ஒரு வருடமாக மறதி. வல்லாரைப் பொடி தருகிறோம், முன்னேற்றம் இல்லை. அளவைக் கூட்டலாமா?

கூட்டாதீர்கள். வயதையும் மாத்திரையையும் எழுதியதற்கு நன்றி, ஏனென்றால் விடை அதிலேயே இருக்கிறது. சைவ உணவு, முதுமை, மெட்ஃபார்மின் மூன்றும் சேர்ந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது வைட்டமின் பி12 குறைவு. எந்தக் கீரையிலும் பி12 கிடையாது. வல்லாரையை மூட்டையாகத் தின்றாலும் கிடைக்காது. இந்தக் குறைவால் வரும் மறதியைச் சீக்கிரம் கண்டுபிடித்தால் ஊசியோ மாத்திரையோ போட்டுப் பெரும்பாலும் திருப்பிவிடலாம். தாமதித்தால் நரம்புச் சேதம் தங்கிவிடும்.

இதை எத்தனையோ முறை எழுதிவிட்டேன். கால் எரிகிறது, நடை தள்ளாடுகிறது, பேர் மறக்கிறது என்று வருகிறவர்களின் பையில் மூன்று கம்பெனிப் பொடி இருக்கும், ஒரு ரத்தப் பரிசோதனைச் சீட்டு இருக்காது. பி12, தைராய்டு, சோடியம் பாருங்கள். காது சரியாகக் கேட்கிறதா, மனச்சோர்வு உண்டா, தூக்க மாத்திரை போடுகிறாரா என்றும் கவனியுங்கள். இன்னொன்று: பி12 பார்க்காமல் ஃபோலிக் அமிலம் மட்டும் கொடுத்தால் ரத்தசோகை சரியானதுபோல் தெரியும், உள்ளே நரம்பு கெட்டுக்கொண்டே போகும்.

வல்லாரை மேல் எனக்குப் பகை இல்லை. துவையலாகத் தாராளமாகச் சாப்பிடட்டும். ஆனால் மனிதர்களிடம் நடந்த சிறு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது நினைவாற்றல் தெளிவாகக் கூடியதாகத் தெரியவில்லை. மாத்திரையாகத் தொடர்ந்து சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் பாதித்ததும் பதிவாகியிருக்கிறது. கொஞ்சம் நல்ல முடிவு காட்டிய நீர்ப்பிரமி வேறு செடி. அதிலும் சோதித்தது அளவிட்ட சாற்றை, கடைப்பொடியை அல்ல.

பிளஸ் டூ படிக்கும் மகளுக்கு வல்லாரை மிட்டாய்?

அதில் அதிகம் இருப்பது சர்க்கரை. ராத்திரி எட்டு மணி நேரம் தூங்கச் சொல்லுங்கள்.

சிறுநீரகக் கல் வந்தவர் கீரை சாப்பிடலாமா?

என்ன கல் என்று எழுதவில்லை. ஆக்சலேட் கல்லானால் பசலை, முளைக்கீரையைக் குறையுங்கள். சாப்பிடும் நாளில் வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, கூடவே தயிர் சேருங்கள். கீரையோடு தயிர் ஆகாது என்று பாட்டி சொன்னாலும் சரி; தயிரின் கால்சியம் ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும்.