மட்டக்களப்பில் பொய் மருத்துவ விளம்பரங்கள் பற்றிய பல்கலைக்கழக ஆய்வு உதவியாளர் வேலை, ஒரு வருட ஒப்பந்தம். போகலாமா?

போகலாம். ஆனால் "நோட்டீஸ் பொறுக்கவா பட்டம் படித்தாய்?" என்று வீட்டில் சிரிப்பதாக எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிக்காகத்தான் இந்தப் பதில். 2019இல் இதே மாதிரி ஒரு திட்டத்தில் நான் சேர்ந்தபோது என் சித்தப்பாவும் அதையேதான் கேட்டார்.

நீங்களும் என்னைப்போல் கலைப்பீடம் முடித்து ஒன்றிரண்டு வருடம் வீட்டில் இருந்தவர் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். இல்லையென்றால் மன்னியுங்கள். எந்தப் பல்கலைக்கழகம், யார் பேராசிரியர் என்று பின்னூட்டத்தில் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.

உண்மையில் அது நோட்டீஸ் பொறுக்குகிற வேலைதான். மாமாங்கத்து ஆடி அமாவாசைத் திருவிழாவில் தொடங்கி, களுவாஞ்சிக்குடி, செங்கலடி, கல்முனை என்று சந்தை சந்தையாக அலைந்தேன். மூலிகைத் தூள், வலி எண்ணெய், காந்தக் காப்பு, இரவில் தண்ணீர் ஊற்றிவைத்துக் காலையில் குடிக்கிற கொத்தலஹிம்புட்டு மரக் கோப்பை, எல்லாவற்றின் நோட்டீஸையும் வாங்கி, எண் போட்டு, எந்த வருத்தத்துக்கு என்ன வாக்குறுதி என்று கணினியில் ஏற்ற வேண்டும். அதையே இன்னொரு பிள்ளை தனியாகப் படித்துக் குறியிடும். பிறகு இரண்டையும் ஒப்பிடுவோம். 'குணமாகும்' என்பதும் 'குணமாக உதவும்' என்பதும் ஒன்றா என்று நாங்கள் இரண்டு பேரும் ஒரு பின்னேரம் முழுக்கச் சண்டை பிடித்திருக்கிறோம். உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பு நடந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. முதுகில் பையோடு கடைகளைப் படம் எடுக்கிற பெண்ணை யார் சும்மா விடுவார்கள்? பல்கலைக்கழகக் கடிதத்தை மடித்து மடித்து அது நாலு துண்டாகிவிட்டது.

சட்டம் இல்லை என்று நினைத்துத்தான் நான் போனேன். போன பிறகுதான் தெரிந்தது, சட்டத்துக்குக் குறைவே இல்லை. ஒரு முருங்கையிலைத் தூள் பக்கற்றை எடுங்கள். சாப்பாடு என்று விற்றால் 1980ஆம் ஆண்டு 26ஆம் இலக்க உணவுச் சட்டம், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) வந்து பார்க்கலாம். நாட்டு மருந்து என்றால் 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டம். மருந்தா சாப்பாடா என்று தெரியாமல் நடுவில் நிற்கிறவற்றுக்கு, 2015இல் வந்த தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைச் சட்டத்தில் தனியாக ஒரு வகையே உண்டு. வாங்குகிறவரை ஏமாற்றினால் 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், 30ஆம் பிரிவு. பல பேர் அடித்த பாம்பு சாகாது என்பார்கள். ஒரு தூளைப் பற்றிக் கேட்க நாங்கள் நாலு இடத்துக்குக் கோல் எடுத்தோம். நாலு இடத்திலும் மரியாதையாகத்தான் கதைத்தார்கள், நாலு பேரும் அடுத்த இடத்தின் நம்பரைத் தந்தார்கள். இந்தியாவில் 1954இலேயே, பட்டியல் போட்ட சில நோய்களுக்கு மருந்து என்று விளம்பரம் செய்வதே குற்றம் என்று சட்டம் வந்துவிட்டது, சீனி வருத்தம் என்கிற நீரிழிவும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. பிரித்தானியாவில் புற்றுநோய்க்கு 1939இல் வந்தது. அங்கே மட்டும் எல்லாம் ஒழுங்காக நடக்கிறதா என்று கேட்டால் அதுவும் இல்லை.

இனி என் பெரியம்மாவின் கதை. கொக்கட்டிச்சோலைப் பக்கம் இருக்கிறார். பத்து வருடத்துக்கு மேலாகச் சீனி. காலில் ஒரு புண், ஒரு மாதமாகக் காயவில்லை என்று அம்மா சொன்னதால் பார்க்கப் போனேன். தேத்தண்ணி போட அடுப்படிக்குள் போனால், தட்டில் ஒரு பச்சைப் பக்கற். பார்த்த உடனே தெரிந்தது. எங்கள் பட்டியலில் 117ஆம் இலக்கம். நோட்டீஸை நானே குறியிட்டிருந்தேன். 'சீனி நோயாளருக்கு உகந்தது' என்று மட்டும்தான் அதில் இருந்தது. ஆபத்துக் குறைவு என்று நானே போட்டிருந்தேன்.

"பெரியம்மா, குளிசை எங்க?"

"அத விட்டு ரெண்டு மாசமாகுது புள்ள. இத நாப்பத்தெட்டு நாள் குடிச்சா குளிசையே தேவையில்லையாம்."

சீனிக்குத் தந்த மெட்ஃபோர்மின் குளிசை எல்லாம் பிஸ்கட் டின்னுக்குள் அப்படியே கிடந்தது. அடுத்த நாள் காலையில் வெறும் வயிற்றில் இரத்தத்தில் சீனி பார்த்தோம், 312. வார்ட்டில் பதினொரு நாள். விரல் தப்பியது, அது அந்தப் புள்ளையாரின் புண்ணியமும் அந்த வார்ட் நர்ஸ்மாரின் புண்ணியமும்.

"குளிசையை விடுங்கள்" என்று பக்கற்றிலும் இல்லை, நோட்டீஸிலும் இல்லை. சாப்பாடு என்று விற்கிற பொருளின் லேபிளில் நோயைத் தீர்க்கும் என்று எழுத முடியாது. அது விற்கிறவனுக்கு நன்றாகத் தெரியும். அதனால் எழுத்தில் நல்ல பிள்ளை. மற்றதை வாயால் சொன்னான். பெரியம்மா வீட்டு விறாந்தையில் முக்கால் மணித்தியாலம் இருந்து, அம்மா அம்மா என்று கூப்பிட்டு, கட்டாரில் இருக்கிற அண்ணனைப் பற்றி விசாரித்து, காலைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்லியிருக்கிறான். பெரியம்மா கிளினிக்குக்கு விடிய ஐந்து மணிக்குப் போவார். நம்பர் எடுத்து, காத்திருந்து, மத்தியானம் டொக்டரைப் பார்த்தால் இரண்டு நிமிடம். டொக்டரைக் குற்றம் சொல்லவில்லை, வெளியே நூறு பேர் நிற்கிறார்கள். ஆனால் யாரை நம்புவார்? நான் படித்த பெறாமகள், என்னிடம்கூட அவர் கேட்கவில்லையே. நானும் அவரை நாலு மாதமாகப் போய்ப் பார்க்கவில்லை.

இதை அலுவலகத்தில் சொன்னேன். எங்கள் படிவத்தில் நோட்டீஸ், பதாகை, வானொலி, முகநூல் என்று கட்டங்கள் இருந்தன. வாயால் சொன்னதற்குக் கட்டம் இல்லை. "தங்கச்சி, அது உங்கட குடும்பக் கதை, தரவு இல்ல" என்றார் மேலே இருந்தவர். கோபம் வந்தது. ஆனால் நியாயமாகப் பார்த்தால், ஆய்வு நெறிமுறைக் குழு அனுமதி தந்தது வெளியிட்ட விளம்பரங்களுக்கு மட்டும்தான். பெரியம்மாவிடம் நான் சம்மதக் கையெழுத்து வாங்கிக்கொண்டு தேத்தண்ணி போடப் போகவில்லை. கடைசி அறிக்கையில் 117 ஆபத்துக் குறைந்ததாகவே இருக்கிறது.

உடனே சிலர் சண்டைக்கு வருவீர்கள், தெரியும். நான் நாட்டு வைத்தியத்துக்கு எதிரி இல்லை. என் அம்மப்பாவே முறிவுக்குக் கட்டுப் போட்டவர். அந்த மரக் கோப்பை மரத்துக்குச் சீனியைக் குறைக்கிற தன்மை இருப்பதாக ஆய்வுகளும் இருக்கின்றன. குளிசையை நிறுத்து என்று சொல்கிறவனைப் பற்றித்தான் கதைக்கிறேன். அப்புறம், படிக்காத சனம்தான் ஏமாறும் என்றும் எழுதாதீர்கள். நாங்கள் அறிக்கை கொடுத்த அதே 2020, டிசம்பரில் கேகாலையில் கொரோனாவுக்கு ஒரு பாணி மருந்து வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? தேனும் சாதிக்காயும் போட்டது. ஆயிரக்கணக்கில் சனம் முண்டியடித்தது. சுகாதார அமைச்சரே கமராவுக்கு முன்னால் குடித்தார், அடுத்த மாதம் அவருக்கே கொரோனா. எங்கள் அறிக்கையை அந்த அமைச்சுக்கும் அனுப்பியிருந்தோம்.

இது கேள்விக்குச் சம்பந்தம் இல்லை, ஆனாலும் சொல்லாமல் விட முடியவில்லை. 2020 ஓகஸ்டில் பட்டதாரிகளுக்கு அரச வேலைப் பட்டியல் வந்தபோது, ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) கட்டியவர்களை, ஏற்கனவே வேலை செய்தவர்கள் என்று, விட்டுவிட்டார்கள். என் பெயரும் இல்லை. பத்து மாத ஒப்பந்தத்துக்குக் கட்டிய அந்த நாலு சதத்துக்காக! என்னோடு காந்திப் பூங்காவில் வேலை கேட்டுப் போராட்டத்தில் வெயிலில் இருந்த சிநேகிதி, ஒரு நாளும் வேலைக்குப் போகாமல் இருந்தவள், இப்போது பிரதேச செயலகத்தில் இருக்கிறாள். அவள் மேல் பொறாமை இல்லை. சரி, கொஞ்சம் இருக்கிறது. முறையீடு எழுதி எழுதி எனக்குக் கையெழுத்துத்தான் அழகானது.

எனவே சேர முன் ஈ.பி.எஃப். பற்றிக் கேளுங்கள். அறிக்கையில் உங்கள் பெயர் எங்கே வரும் என்று எழுத்தில் கேளுங்கள், எனக்கு நன்றி சொல்கிற பக்கத்தில் இனிஷியல் பிழையோடு வந்தது. படிவத்தைக் கையில் தந்தவுடன், வாயால் சொல்கிறதுக்குக் கட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நெறிமுறைக் குழுவுக்குப் போக முன்னமே சண்டை பிடியுங்கள், பிறகு பிடித்துப் பிரயோசனம் இல்லை.

பெரியம்மா இப்போது குளிசையும் போடுகிறார், தூளும் குடிக்கிறார். தூள் காசு கொடுத்து வாங்கியதாம், கொட்ட மனம் வரவில்லையாம்.

பயணப்படி தருவதாகச் சொன்னால் நம்புங்கள், ஆனால் டிக்கெட் கேட்பார்கள். படுவான்கரைக்குப் போகிற தனியார் பஸ்ஸில் கொண்டக்டர் தானாகத் தர மாட்டார், கேட்டு வாங்கி வையுங்கள்.