வெள்ளி முகப்புக் கடிகாரம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலக் கைவினைஞர் டேனியல் பர்னாப் (1759–1838) செய்த ஆளுயரக் கடிகாரம் ஒன்றின் படம் பார்த்தேன். முகப்பு முழுக்க வெள்ளி. வெள்ளி வேலையும் தெரிந்தவர் என்பதால் வெள்ளித் தகட்டிலேயே செய்துவிட்டாரா? இவ்வளவு பெரிய கைவினைஞர் எதற்கு வெள்ளிக் கரண்டி அடித்துக்கொண்டிருந்தார்?

எஸ்.

அன்புள்ள எஸ்,

தகடு பித்தளை. வெள்ளி மேலே தேய்த்து ஏற்றியது. படத்தைப் பெரிதாக்கி, சாவித் துளைகளின் ஓரத்தைப் பாருங்கள். சாவி உரசிய இடத்தில் பெரும்பாலும் மஞ்சள் தெரியும்.

எண்களைச் சிற்றுளியால் வெட்டி, பள்ளத்தில் கறுப்பு மெழுகு உருக்கி நிரப்பி, தகட்டை மட்டமாகத் தேய்த்துக்கொள்வார்கள். நைட்ரிக் அமிலத்தில் கரைத்த வெள்ளியில் உப்புநீர் விட்டால் தயிர்போல வெள்ளையாகத் திரிந்து அடியில் தங்கும். அதைக் கழுவி, உப்பும் டார்டாரும் (திராட்சை மதுவில் படியும் புளிப்பு உப்பு) சேர்த்துக் குழைத்து ஈரத்துணியால் தேய்க்க, பித்தளையில் வெள்ளி பிடிக்கும். அலசி, உடனே வார்னிஷ் பூச வேண்டும். அலசல் போதாவிட்டால் தங்கிய உப்பு பச்சைப் புள்ளியாக வெடிக்கும். வார்னிஷ் உரிந்தால் கறுக்கும். பிற்காலத்தில் பாலிஷ் போட்டுத் துலக்கியவர்கள்தான் பல முகப்புகளைப் பாழாக்கினார்கள்.

வெள்ளியும் கடிகாரமும் ஒரே சுத்தியல் வேலைதான். கடிகாரச் சக்கரத்துக்கு வார்த்த பித்தளை மெத்தென்று இருக்கும். குளிர்ந்த நிலையிலேயே அடித்து இறுக்க வேண்டும். ஓரம் விரியத் தொடங்கினால் மங்கிய சிவப்பு வரை காய்ச்சி மறுபடி அடிக்கலாம். கடைசிச் சுற்று அடித்தபின் மட்டும் காய்ச்சக் கூடாது. காய்ச்சினால் சக்கரத்தின் பல் வளையும். கரண்டிக் காம்புக்கும் இதே கணக்கு. கடிகாரத்துக்குள் வழக்கமாகப் பித்தளைச் சக்கரம், பினியன் என்னும் சிறிய எஃகுப் பல்சக்கரத்தைச் சுழற்றும். தேய்வது பித்தளை என்றுதான் நினைப்போம். உண்மையில் எஃகுதான் முதலில் தேயும்: தூசு பித்தளையில் பதிந்து அரமாகிவிடுகிறது.

கரண்டிக்குக் காரணம் பிழைப்பு. கடிகாரத்துக்கு ஆர்டர் எப்போதாவதுதான். பட்டறையை ஓட்டியது பைக்கடிகாரப் பழுது, கரண்டி, பக்கிள். வாடிக்கையாளர் தரும் ஸ்பானிய டாலர் என்னும் வெள்ளி நாணயம் 27 கிராம். உருக்கினால் இரண்டு தேக்கரண்டி தேறும். தரம் பார்த்து முத்திரை குத்த அங்கே அரசு அலுவலகம் கிடையாது, தட்டாரின் பெயர்க் குத்துதான் உத்தரவாதம்.

ஆளுயர மரப்பெட்டி அவர் செய்ததல்ல. அது தச்சர் வேலை.