கோராகின் கலகமும் மோசேயின் மன்றாட்டும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: எண்ணாகமம் 12-ஆம் அதிகாரம் மோசேயைப் பூமியிலுள்ள சகல மனிதரிலும் மிகுந்த சாந்தகுணமுள்ளவர் என்கிறது. ஆனால் 16-ஆம் அதிகாரத்தில் கோராகின் கூட்டத்தார் எதிர்த்தபோது அவர் கடுங்கோபம் கொள்கிறார். அவர்களுடைய காணிக்கையை அங்கீகரிக்க வேண்டாமென்று கர்த்தரிடம் கேட்கிறார். பூமி பிளந்து மனிதரை விழுங்குகிறது. இதில் சாந்தம் எங்கே, பிறருக்காக மன்றாடுதல் எங்கே? எங்கள் சபையில் கணக்குக் கேட்கிறவர்களையெல்லாம் ‘கோராகு’ என்று ஏசுகிறார்கள். இது முறைதானா?

பதில்: கோராகு வெளியாள் அல்லர். யாத்திராகமம் 6-ஆம் அதிகாரத்து வம்ச வரலாற்றின்படி அவர் மோசேயின் சிற்றப்பா இத்சேயாரின் மகன். பரிசுத்தப் பணிமுட்டுகளைச் சுமக்கும் கோகாத்தியரில் ஒருவர். அவரோடு ரூபன் கோத்திரத்துத் தாத்தானும் அபிராமும், சபையில் பேர்பெற்ற 250 தலைவர்களும் சேர்ந்துகொள்கிறார்கள். சபையார் எல்லாரும் பரிசுத்தர்களாயிருக்க, நீங்கள் மட்டும் உங்களை உயர்த்திக்கொள்வது ஏன் என்பது அவர்கள் குற்றச்சாட்டு. இது கேட்பதற்கு நியாயமாகவே ஒலிக்கிறது. சொல்லப்போனால், எல்தாதும் மேதாதும் பாளயத்தில் தீர்க்கதரிசனம் சொன்னதை யோசுவா தடுக்கச் சொன்னபோது, கர்த்தருடைய ஜனங்கள் எல்லார்மேலும் அவருடைய ஆவி இறங்கினால் எத்தனை நலமாயிருக்கும் என்று மோசேயே 11-ஆம் அதிகாரத்தில் ஆசைப்பட்டிருந்தார். ஆகவே அவர் கோராகை எதிர்த்தது எல்லாரும் பரிசுத்தர்கள் என்ற கொள்கைக்காக அன்று. கோராகு அந்தக் கொள்கையைச் சொல்லிக்கொண்டே ஆசாரியப் பட்டத்தைத் தேடினார் என்பதை மோசே அவருக்கு நேராகவே எடுத்துச் சொல்கிறார்.

மோசே முதலில் செய்தது முகங்குப்புற விழுந்ததுதான். பிறகும் அவர் தாமே தீர்ப்புச் சொல்லிவிடாமல், யார் தம்முடையவர் என்பதைக் கர்த்தர் நாளைக் காலையில் காட்டுவார் என்று ஓர் இரவு அவகாசம் விடுகிறார். தாத்தானையும் அபிராமையும் அழைத்தனுப்புகிறார். அவர்களோ எகிப்தைப் பாலும் தேனும் ஓடுகிற தேசம் என்று வர்ணித்து, வரமாட்டோம் என்று மறுக்கிறார்கள். மறுநாள் அவரே எழுந்து அவர்களிருக்கும் இடத்துக்குப் போகிறார்.

கோபம் உண்மைதான், அதைப் பூசி மெழுக வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கோபத்தை அவர் கர்த்தரிடத்தில் கொட்டுகிறார், அதோடு தம் கணக்கையும் ஒப்புவிக்கிறார்: நான் அவர்களிடமிருந்து ஒரு கழுதையைக்கூட எடுத்துக்கொண்டதில்லை, அவர்களில் ஒருவனுக்கும் தீங்கு செய்ததில்லை. தாத்தானுக்காகவும் அபிராமுக்காகவும் அவர் தனியே மன்றாடியதாக வசனத்தில் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்; மோசே எல்லாருக்காகவும் ஒரேவிதமாக ஜெபித்தார் என்று பிரசங்கிப்பது வசனத்தில் இல்லாததைச் சேர்ப்பதாகும். அவர் மன்றாடியது சபைக்காக. “ஒரு மனிதன் பாவம் செய்திருக்கச் சபையார் எல்லார்மேலும் கடுங்கோபங்கொள்வீரோ?” என்று அவரும் ஆசாரியரான அண்ணன் ஆரோனும் தரையில் விழுந்து கேட்கிறார்கள்.

என் கணிப்பில் அந்த அதிகாரத்தின் உச்சம் பூமி பிளந்த நாளில் இல்லை, அதற்கு மறுநாளில்தான் இருக்கிறது. கர்த்தரின் ஜனங்களைக் கொன்றுபோட்டீர்கள் என்று சபை முழுவதும் மோசேக்கும் ஆரோனுக்கும் விரோதமாய்க் கூடுகிறது. இந்தச் சபையை விட்டு விலகிப்போங்கள், ஒரு நிமிஷத்தில் இவர்களை அதமாக்குவேன் என்கிறார் கர்த்தர். விலகிப்போயிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. மோசேயோ, தூபகலசத்தில் பலிபீடத்தின் நெருப்பையும் தூபவர்க்கத்தையும் போட்டுக்கொண்டு சீக்கிரமாய்ச் சபையினிடத்தில் போ என்று ஆரோனை அனுப்புகிறார். எவருடைய பட்டத்தைப் பறிக்கப் பார்த்தார்களோ அந்த ஆரோன், முதியவர், அவர்கள் நடுவே ஓடுகிறார். பிரதான ஆசாரியன் பிணம் கிடக்கும் இடத்துக்குப் போகலாகாது என்பது லேவியராகமம் 21-ஆம் அதிகாரத்தின் சட்டம். அவரோ செத்தவர்களுக்கும் உயிரோடிருக்கிறவர்களுக்கும் நடுவே நிற்கிறார். சபைக்குள் தொடங்கியிருந்த வாதை நிற்கிறது. அதற்குள் 14,700 பேர் இறந்துவிட்டார்கள். முந்தின நாள் 250 பேர் உரிமை கொண்டாடி ஏந்திய அதே தூபம், இப்போது ஆரோனைத் திட்டியவர்களைக் காப்பதற்காக ஏந்தப்படுகிறது.

இது மோசேக்குப் புதிதும் அன்று. பொற்கன்றுக்குட்டியின் நாளிலும் கானானை வேவுபார்க்கப் போன வேவுகாரர் திரும்பி வந்த நாளிலும், இவர்களை அழித்து உன்னைப் பெரிய ஜாதியாக்குவேன் என்று கர்த்தர் சொல்ல, இரண்டு முறையும் அவர் அதை ஏற்கவில்லை. ஜனங்களை மன்னிக்காவிட்டால் என் பேரை உம்முடைய புஸ்தகத்திலிருந்து கிறுக்கிப்போடும் என்றும் ஒருமுறை சொன்னார். குஷ் தேசத்துப் பெண்ணை முன்னிட்டுத் தமக்கு விரோதமாய்ப் பேசிய சகோதரி மிரியாமுக்குக் குஷ்டம் வந்தபோதும், அவளைக் குணமாக்கும் என்று ஒரே வரியில் கெஞ்சினார். கணக்குக் கேட்கிறவர்களுக்குக் கோராகைக் காட்டிப் பயமுறுத்தும் ஊழியர், அந்த அதிகாரத்தின் கழுதை வசனத்தையும் தூபகலச வசனத்தையும் சேர்த்து வாசிப்பாராக.

கேட்பதெல்லாம் கலகம் அன்று என்பதற்கு எண்ணாகமமே சாட்சி. 27-ஆம் அதிகாரத்தில் செலொப்பியாத்தின் குமாரத்திகள் ஐந்து பேர், மோசேக்கும் ஆசாரியன் எலெயாசாருக்கும் சபையனைத்துக்கும் முன்பாக வந்து நின்று, ஆண்பிள்ளை இல்லாததால் எங்கள் தகப்பன் பேர் அற்றுப்போக வேண்டுமா என்று காணியாட்சி முறையையே கேள்வி கேட்கிறார்கள். எங்கள் தகப்பன் கோராகின் கூட்டத்தில் சேர்ந்தவன் அல்ல என்று அவர்களும் முன்னெச்சரிக்கையாகச் சொல்லித்தான் தொடங்க வேண்டியிருந்தது! மோசே அவர்களை அதட்டவில்லை. அந்த நியாயத்தைக் கர்த்தரிடத்தில் கொண்டுபோனார். அவர்கள் பேசுவது சரி என்று பதில் வந்தது.

இன்னொன்று: கோராகின் குமாரர் சாகவில்லை என்று 26-ஆம் அதிகாரம் குறிக்கிறது. 42, 84 உள்ளிட்ட பல சங்கீதங்களின் தலைப்பில் இருப்பது அந்தக் கோராகின் புத்திரரின் பெயரே.

கேள்வி: பிறருக்காக மோசே கேட்டதையெல்லாம் கொடுத்த கர்த்தர், வாக்குத்தத்த தேசத்துக்குள் போக அவர் தமக்காகக் கேட்டதை மட்டும் மறுத்தது ஏன்?

பதில்: எல்லாவற்றையும் கொடுத்தார் என்று சொல்ல முடியாது. வேவுகாரர் காரியத்தில் மன்னிப்புக் கிடைத்தது. ஆனாலும் யோசுவாவும் காலேபும் தவிர அந்தத் தலைமுறை தேசத்தைக் காணவில்லை. மேரிபாவில் மோசே, கலகக்காரரே என்று ஜனங்களைக் கடிந்து, பேசச் சொல்லப்பட்ட கன்மலையை இரண்டு தரம் அடித்தார். இஸ்ரவேலர் முன்பாகத் தம்மைப் பரிசுத்தம் பண்ணும்படி அவரும் ஆரோனும் விசுவாசியாமற்போனதே காரணம் என்று கர்த்தர் சொல்கிறார்; மோசே உதடுகளினால் பதறிப் பேசினார் என்கிறது 106-ஆம் சங்கீதம். நான் கடந்துபோய் அந்த நல்ல தேசத்தைப் பார்க்கட்டும் என்று அவர் கெஞ்சியதும், போதும், இனி இதைக் குறித்து என்னோடே பேசவேண்டாம் என்ற பதிலும் உபாகமம் 3-ஆம் அதிகாரத்தில் உள்ளன.

எண்ணாகமம் 27-இல், மலையேறித் தேசத்தைப் பார், பின்பு நீ மரிப்பாய் என்று அறிவிக்கப்பட்டவுடன் மோசே பேசுவதைக் கவனியுங்கள். “மாம்சமான யாவருடைய ஆவிகளுக்கும் தேவன்” என்றே, கோராகின் நாளில் சபைக்காக விழுந்து கிடந்தபோது அழைத்த அதே விதமாக, கர்த்தரைக் குறிப்பிடுகிறார். தமக்காகவோ தம் குமாரர் கெர்சோம், எலியேசருக்காகவோ அங்கே ஒரு வார்த்தையும் இல்லை. கர்த்தருடைய சபை மேய்ப்பனில்லாத மந்தையைப்போல் இராதபடிக்கு அதன்மேல் ஒருவனை ஏற்படுத்தும் என்று மட்டும் கேட்கிறார். அதற்கு யோசுவா நியமிக்கப்படுகிறார்.