‘காலையில் எழுந்திருக்கவே வேண்டாம்’ என்று தோன்றினால்

கேள்வி: எனக்கு 36 வயது. பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். கணவர் நல்லவர், இரண்டு பிள்ளைகள், கடன் கிடன் எதுவும் இல்லை. ஆனாலும் சில மாதங்களாக, ராத்திரி படுக்கும்போது ‘இப்படியே தூக்கத்தில் போய்ச் சேர்ந்துவிட்டால் நிம்மதி’ என்று தோன்றுகிறது. தற்கொலை செய்துகொள்ளும் எண்ணம் இல்லை. எல்லாம் இருந்தும் இப்படி நினைப்பது பாவமா டாக்டர்? யாரிடமும் சொல்லப் பயமாக இருக்கிறது.

பதில்: பாவமே இல்லை. இதை எழுதி அனுப்பினீர்களே, அதுவே பெரிய காரியம். தலைவலி, தூக்கமின்மை என்று வருகிறவர்களில் சிலர், எல்லாம் பேசி முடித்து எழுந்து கதவருகே போன பிறகுதான் இதைச் சொல்வார்கள். அவ்வளவு கூச்சம்.

சாக வேண்டும் என்று திட்டமிடுவதும், இல்லாமல் போனால் தேவலை என்று ஏங்குவதும் வேறு வேறு. ஆனால் இரண்டுக்கும் நடுவே சுவர் கிடையாது. தொடர்ந்து நாலு ராத்திரி தூங்காமல் இருந்தாலோ வீட்டில் பெரிய சண்டை வந்தாலோ ஒன்று மற்றொன்றாக மாறலாம். அதனால் ‘வெறும் நினைப்புத்தானே’ என்று விட்டுவிடாதீர்கள்.

பெரும்பாலும் இதற்கு அடியில் மனச்சோர்வு இருக்கும். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமும் பசியும் மாறி, கணக்கில் மனம் நிற்காமல் இருந்தால் சந்தேகப்பட வேண்டும். வசதி இருந்தால் மனச்சோர்வு வராது என்றில்லை. எல்லாம் இருக்கிறவர்களுக்கும் வரும். தைராய்டு குறைவு, ரத்தசோகை, பி12 குறைபாடு இவையும் இதே மாதிரி ஆளை அடித்துப்போடும் என்பதால் ரத்தப் பரிசோதனை அவசியம். மனச்சோர்வுக்கு மாத்திரை தேவைப்பட்டால், பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். நடுவில் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு உண்டு.

முதலில் கணவரிடம் சொல்லுங்கள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாவிட்டால் இப்படிச் சொல்லலாம்: “ராத்திரியில் எனக்கு வாழவே வேண்டாம் என்று தோன்றுகிறது. நீங்கள் எதையும் சரிசெய்ய வேண்டாம், கேட்டால் போதும். டாக்டரிடம் மட்டும் கூட வாருங்கள்.” அவருக்கும் ஒரு வார்த்தை: “உனக்கு என்ன குறை?” என்று தயவுசெய்து கேட்டுவிடாதீர்கள். அந்தக் கேள்விதான் இவரை இத்தனை மாதம் வாயை மூட வைத்தது. “சாகணும்னு தோணுதா?” என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது.

எப்படி, எப்போது என்று மனம் யோசிக்கத் தொடங்கினால் மட்டும் அடுத்த நாள்வரை காத்திருக்கக் கூடாது. தனியாக இருக்காதீர்கள். ஆபத்தானவற்றை வீட்டார் கைக்கு எட்டாமல் எடுத்து வைக்கட்டும். உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் 14416 அல்லது தமிழக அரசின் மருத்துவ உதவி எண் 104. இரண்டிலும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை. தற்கொலைத் தடுப்புக்காக இயங்கும் சென்னை ‘சினேகா’ அமைப்பின் எண் 044-24640050. போலீஸ் கேஸ் ஆகுமோ என்று சிலர் பயப்படுகிறார்கள். எண்ணத்தைச் சொன்னதற்கெல்லாம் எந்தக் கேஸும் கிடையாது.

இன்று ராத்திரி படுப்பதற்கு முன் கணவரிடம் பேசிவிடுங்கள். ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் எனக்கு மறுபடி எழுதுங்கள்.