12 வோல்ட் ஃபேனை அர்டுயினோ பின்னிலேயே மாட்டலாமா?

யாங்கோனில் கரண்ட் போனால் பேட்டரியில் ஓட்டும் 12 வோல்ட் ஃபேனை அர்டுயினோ ஊனோ என்ற புரோகிராம் செய்யும் சின்ன போர்டின் பின்னிலேயே (கம்பி மாட்டும் முனையிலேயே) மாட்டலாமா என்கிறீர்கள். வேண்டாம். அந்தப் பின் தருவது 5 வோல்ட், 20 மில்லி ஆம்பியருக்கு மேல் இழுக்காமல் இருப்பது நல்லது, 40-ஐத் தாண்டினால் சிப்பே போகலாம்.

நடுவில் ஒரு என்-சேனல் மாஸ்ஃபெட் போடுங்கள், இது சுவிட்ச் மாதிரி வேலை செய்யும் டிரான்சிஸ்டர், கேட், டிரெயின், சோர்ஸ் என்று மூன்று கால்கள் இதற்கு. ஃபேனின் பிளஸ் நேராகப் பேட்டரிக்கு, மைனஸ் டிரெயினுக்கு, சோர்ஸ் கிரவுண்டுக்கு. அர்டுயினோ பின்னிலிருந்து கேட்டுக்கு 220 ஓம் ரெசிஸ்டர், கேட்டிலிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர், இந்த இரண்டாவது இல்லாவிட்டால் போர்டு கிளம்பும் நேரத்தில் ஃபேன் தன் இஷ்டத்துக்குச் சுற்றும். கடையில் ஐஆர்எஃப்இசட்44என் என்ற மாஸ்ஃபெட்டை நீட்டினால் வாங்காதீர்கள், அது 10 வோல்ட்டில்தான் முழுதாகத் திறக்கும், 5 வோல்ட்டில் அரைகுறையாகத் திறந்து சூடாகலாம். ஐஆர்எல்இசட்44என் என்று எழுத்தைப் பார்த்துக் கேளுங்கள். அப்புறம் ஃபேனுக்குக் குறுக்கே ஒரு 1என்4007 டயோடு (கரண்டை ஒரே திசையில் மட்டும் விடும் பாகம்), கோடு போட்ட முனை பிளஸ் பக்கம். பேட்டரி மைனஸும் அர்டுயினோ கிரவுண்டும் சேராவிட்டால் ஃபேன் சொன்னபடி கேட்காது.