சைக்கிளும் ஆடுகளும்

அன்புள்ள ஐயா,

வருகிற ஜனவரியில் ஏமனின் சொகோத்ரா தீவைச் சைக்கிளில் சுற்றப் போகிறேன். குடைபோல விரிந்த டிராகன் ரத்த மரங்களைப் படத்தில் பார்த்ததிலிருந்து தூக்கமே இல்லை. ஏதோ வேற்றுக்கிரகம் மாதிரி இருக்கிறது! திக்சம் பீடபூமி ஏற்றத்துக்கு எந்த டயர் சரியாக இருக்கும்? வீட்டில் பாதுகாப்பை நினைத்துப் பயப்படுகிறார்கள். அந்த அபூர்வ மரங்களை ஆடுகள் தின்று தீர்ப்பதாகவும் படித்தேன். ஆடுகளைத் தீவை விட்டே அகற்றினால் என்ன?

ஒரு வாசகர், சிங்கப்பூர்

அன்புள்ள தம்பி,

டயரைப் பற்றி சைக்கிள் கடையில் கேளுங்கள். பாதுகாப்புக்கு உங்கள் வெளியுறவு அமைச்சகம் சொல்வதைக் கேளுங்கள். ஜனவரி நல்ல மாதம்தான். ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே அடிக்கும் தென்மேற்குக் காற்றில் சைக்கிள் நகராது.

நான் அங்கே போனதில்லை, முழங்கால் இனி விடவும் விடாது. ஆனால் கொஞ்ச நாளாகவே அந்தத் தீவைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் உங்கள் கடைசி வரி சுருக்கென்று தைத்தது. ஆடுகளை அகற்றுவதாம்! அங்கே இருப்பவர்கள் இடையர்கள், தம்பி. வேற்றுக்கிரகவாசிகள் இல்லை.

கரிசல் காட்டில் எங்கள் பாட்டி ஆடு வளர்த்தாள். என் பள்ளிச் செலவெல்லாம் குட்டி விற்ற காசு. வேப்பங்கன்றை ஆடு கடித்துவிட்டால் அவள் ஆட்டைத் திட்டமாட்டாள், உடைமுள் வேலி போடாத எங்களைத்தான் திட்டுவாள். திட்டு என்றால் தெருவே கேட்கும்.

சொகோத்ராவில் ஆடு நேற்று வந்ததில்லை. எந்த மேய்ச்சலில் எப்போது மந்தையை விடுவது என்பதற்கு அங்கே ஊர்க்கட்டுப்பாடுகள் இருந்தன. பஞ்ச காலத்தில் வெள்ளரி மரத்தை வெட்டி நறுக்கி ஆட்டுக்குப் போட்டுப் பிழைத்தவர்கள் அவர்கள். நம் வெள்ளரி, பூசணிக் குடும்பத்தில் மரமாக வளர்வது அது ஒன்றுதான்.

ஆடு டிராகன் மரக் கன்றைத் தின்கிறது, உண்மைதான். கன்று ஆட்டின் வாய்க்கு எட்டாத உயரத்துக்கு வளரப் பல பத்தாண்டுகள் ஆகும். அதனால் பல இடங்களில் கிழட்டு மரங்கள் மட்டுமே நிற்கின்றன. ஆனால் ஆட்டோடு கதை முடியவில்லை. அந்தக் குடை விரிந்திருப்பது பனிமூட்டத்தைப் பிடித்து நீராக்கி வேருக்கு இறக்க. அதன் நிழலில்தான் கன்று தப்பிக்கும். வானிலை வறளவறள அந்த மூட்டம் குறைகிறது. 2015 நவம்பரில் ஒரு வார இடைவெளியில் சபாலா, மெக் என்று இரண்டு புயல்கள். ஆயிரக்கணக்கில் மரங்கள் சாய்ந்தன. தாய்மரம் விழுந்தால் நிழலும் போச்சு, நீரும் போச்சு. இப்படிப் புயல் வலுக்கும்படி அரபிக்கடல் சூடாவதற்கு அந்த இடையரின் முப்பது ஆடுகளா காரணம்? விமானம் ஏறிப்போய் சைக்கிள் மிதிக்கிற நீங்களும், மின்விசிறிக்கடியில் உட்கார்ந்து இதை எழுதுகிற நானும் அந்தக் கணக்கில் வருகிறோம்.

அப்புறம், அந்தத் தீவிலுள்ள ஹோக் குகைக்குப் போனால் சுவரில் பேரைக் கிறுக்காதீர்கள். இந்திய மாலுமிகள் ஆயிரத்தைந்நூறு ஆண்டுக்கும் முன்பே பிராமியில் கிறுக்கிவைத்துவிட்டார்கள், அது போதும்.

போகிற வழியில் குடைமரங்களையே பார்க்காமல், ஆடு ஏற முடியாத செங்குத்துப் பாறைகளை அண்ணாந்து பாருங்கள். இளமரங்கள் பெரும்பாலும் அங்கேதான் தப்பியிருக்கின்றன. கன்றுகளைச் சுற்றி வேலி கட்டி வளர்க்கும் நாற்றுப்பண்ணைகளும் உண்டு. அங்கே சைக்கிளை நிறுத்தி, வேலி கட்ட எவ்வளவு செலவாகிறது என்று கேட்டு எனக்கு எழுதுங்கள்.