சட்டம் படிக்காமல் பொதுநல வழக்கு நிறுவனத்தில் மீடியா வேலை: வாஷிங்டன் வந்தவருக்கு

சென்னையில் ஆறு வருடம் பி.ஆர். (மக்கள் தொடர்பு) வேலை பார்த்துவிட்டு கிரீன் கார்டில் வாஷிங்டன் வந்திருக்கிறீர்கள். பொதுநல வழக்கு நடத்தும் தொண்டு நிறுவனத்தில் கம்யூனிகேஷன்ஸ் வேலைக்கு லா டிகிரி வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். ஆனால் கோர்ட் உத்தரவைப் பிழையில்லாமல் வாசிக்கத் தெரிந்தே ஆகவேண்டும்.

நம் ஊரில் அக்கறையுள்ள யாரும் பொதுநல மனுப் போடலாம். இங்கே ஃபெடரல் கோர்ட்டில் அது நடக்காது, நேரடியாகப் பாதிக்கப்பட்டவர் ஒருவர் முன்னே நிற்க வேண்டும். 1954-ல் பள்ளிகளில் இனப் பிரிவினையை உடைத்த பிரவுன் வழக்கிலும் முன்னே நின்றவர்கள் பெற்றோரும் பிள்ளைகளும்தான். அதனால் உங்கள் வேலையில் பெரும்பகுதி வழக்குப் போட்ட கட்சிக்காரரைச் சுற்றியே இருக்கும். நிருபரிடம் அவர் சொல்வதை எதிர்த்தரப்பு வக்கீல் பின்னால் குறுக்கு விசாரணையில் எடுத்து நீட்டலாம். மனுவில் மார்ச் மாதம் என்று இருந்து, பேட்டியில் "கோடையில்" என்று வாய் தவறினாலே போதும். பேட்டிக்கு முன் மனுவைக் கையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரமாவது ஒத்திகை பாருங்கள், சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். வக்கீல் அனுப்பிய உள் மெயிலை நிருபருக்கு ஃபார்வர்ட் செய்யவே கூடாது. எதிர்த்தரப்பு கேட்டாலும் காட்ட வேண்டியதில்லை என்று அதற்குள்ள சட்டப் பாதுகாப்பு அதோடு போய்விடும்.

சுப்ரீம் கோர்ட் தீர்ப்புகள் காலை 10 மணிக்கு வெளிவரும். அன்றைக்கு எந்த வழக்கு என்று முன்கூட்டியே சொல்லமாட்டார்கள், ஜூன் கடைசியில் குவியும். ஜெயித்தால், தோற்றால், பாதி கிடைத்தால் என்று மூன்று அறிக்கைகள் ஒப்புதலோடு தயாராக இருக்கட்டும். வக்கீல் வாசித்து முடிக்கும்வரை எதையும் அனுப்பாதீர்கள். 2012 ஜூன் 28 அன்று ஒபாமா மருத்துவக் காப்பீட்டுச் சட்டத் தீர்ப்பின் முதல் பகுதியை மட்டும் பார்த்துவிட்டு, கட்டாயக் காப்பீட்டுப் பிரிவு செல்லாது என்று சி.என்.என்.னும் ஃபாக்ஸ் நியூஸும் அறிவித்தன. வரி என்ற அடிப்படையில் அது செல்லும் என்பது அதற்கடுத்த பக்கங்களில் இருந்தது!

புதிதாக வருபவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் இரண்டு. வழக்கு முடியும்வரை மட்டும் கிடைக்கும் இடைக்காலத் தடையை "வழக்கில் வெற்றி" என்று எழுதுவது ஒன்று. சுப்ரீம் கோர்ட் வழக்கை எடுக்க மறுத்தால் கீழ்க் கோர்ட் தீர்ப்பு அப்படியே நிற்கும், அவ்வளவுதான். அதை "சரியென்று உறுதி செய்தது" என்று எழுதுவது இன்னொன்று.

சம்பளம் கார்ப்பரேட் அளவுக்கு வராது. தொண்டு நிறுவனங்கள் வருடாவருடம் வரித் துறைக்குக் கொடுக்கும் ஃபார்ம் 990-ஐத் தேடிப் பாருங்கள், வரவுசெலவும் மேல்மட்டச் சம்பளங்களும் அதில் பகிரங்கமாக இருக்கும். 501(சி)(3), அதாவது வரிவிலக்கு பெற்ற தொண்டு நிறுவனம் என்றால் எந்த வேட்பாளரையும் ஆதரித்தோ எதிர்த்தோ நிறுவனத்தின் சமூக ஊடகக் கணக்கில் ஒரு வரிகூட எழுத முடியாது.

விண்ணப்பிப்பதற்கு முன், ஃபெடரல் கோர்ட் ஆவணங்கள் கிடைக்கும் பேசர் (PACER) தளத்தில் ஒரு மனுவை இறக்குங்கள். பக்கத்துக்கு 10 சென்ட், ஓர் ஆவணத்துக்கு அதிகபட்சம் 3 டாலர், காலாண்டில் 30 டாலருக்குள் என்றால் கட்டணமே இல்லை. அந்த மனுவை 400 வார்த்தை பத்திரிகைக் குறிப்பாக எழுதி விண்ணப்பத்தோடு இணையுங்கள்.